பட்டனக்காவும் முடியாத சோதனையும்

உளவியல் துறையின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஆய்வக அறையில், அவள் ஒன்பது வருடமாக உதவியாளர். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பட்டனக்கா.

காரணம் இருந்தது. சோதனைக்கு வருகிறவர்கள் கணினி முன் உட்கார்ந்து, திரையில் வரும் முகங்களையும் எழுத்துகளையும் பார்த்து விசை அழுத்துவார்கள். ஆளுக்கு ஐந்து சோதனை. ஒவ்வொன்றையும் அவள் தனித்தனியே திறந்து, வந்தவரின் எண்ணைத் தட்டி, முடிந்ததும் முடிவுகளை அவர் பெயருக்கான ஃபோல்டரில் போடவேண்டும். ஒரு எண் மாறினாலும் அந்த ஆள் உட்கார்ந்த முக்கால் மணி நேரம் குப்பைக்குத்தான். இரண்டு முறை அப்படி ஆகி, பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, தானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டு ஒரு பேட்ச் ஃபைல் எழுதினாள். செய்யவேண்டியதை வரிக்கு ஒன்றாக எழுதிவைத்த கோப்பு. ஒரு பட்டனைத் தட்டினால் போதும், ஐந்து சோதனையும் வரிசையாகத் தானே ஓடும்.

இனிக் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்தாள். பேராசிரியர் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா!" என்றார். அடுத்த மாதமே இன்னும் மூன்று அறைகள் அவள் தலையில் விழுந்தன. "அதான் எல்லாம் தானா ஓடுதேம்மா, நீங்க ஒருத்தரே போதும்."

நான்கு அறைக்கும் ஓடி ஓடிக் கால் ஓய்ந்தது. ஒருவர் முடித்ததும் அடுத்த எண்ணைத் தானே எடுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும்படி கோப்பை மாற்றினாள். நூலகத்தில் ஓர் இடம் காலியானபோது, மூன்றாம் முறையாக மாற்றல் கேட்டு விண்ணப்பித்தாள்.

அதைப் பற்றிப் பேசப் பேராசிரியர் கூப்பிட்ட அன்று, கடைசி ஆளாக ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அரை மணியில் வந்துவிடலாம் என்று அவள் மாடி ஏறினாள்.

"நீங்க போயிட்டா இதையெல்லாம் யாரும்மா பாப்பாங்க?"

"யார் வேணாலும் ஓட்டலாம் சார். எழுதி வெச்சிருக்கேன்."

பேச்சு இழுத்துக்கொண்டே போனது. முடிவு எதுவும் சொல்லாமல் அவர் அனுப்பும்போது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

கீழே, டிரைவர் மூன்றாவது சுற்றில் இருந்தார். கண் கோவைப்பழம் போலச் சிவந்திருந்தது.

"இன்னும் எவ்வளவும்மா இருக்கு?"

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். "ஐயா, எப்பவோ முடிஞ்சிருக்கணுமே! ஏன் எழுந்து வரல?"

"முடிஞ்சுதுன்னு எங்கயும் போடலையே. திரும்பத் திரும்ப மொதல்லேர்ந்து வந்துச்சு. என் பொறுமையத்தான் சோதிக்கிறீங்களோன்னு நெனச்சேன்."

அவர் சிரித்தார். அவளால் முடியவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் எழுதினதுதான் ஐயா இது. நிறுத்துற வரிய எழுதாம விட்டுட்டேன்."

"சரி விடும்மா. வீட்ல எனக்கு என்ன அவசரம்?" என்றார் அவர். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் போனதும் கோப்பைத் திருத்தினாள். ஒவ்வொரு முறையும் ஐந்தாவது சோதனைக்குப் பிறகு, 'முடிந்தது, நீங்கள் எழுந்து வரலாம்' என்று திரையில் வந்து நின்றது. நடந்ததை மறைக்காமல் எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தாள்.

அவர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பாத்தீங்களா? நீங்க ரெண்டு மணி நேரம் இல்லாததுக்கே இப்படி. உங்கள எப்படி அனுப்புறது?"

வீட்டில் சொன்னபோது அவள் கணவன் கரண்டியைக் கீழே வைத்தான். "நல்லா எழுதினாலும் விட மாட்டாங்க, தப்பா எழுதினாலும் விட மாட்டாங்களா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நூலக வேலை வேறொருவருக்குப் போனது. அவர் சேர்ந்த முதல் நாளே பிரிண்டர் ஓடவில்லை என்று ஆய்வகத்துக்கு ஆள் அனுப்பினார். அவள் போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு, இரண்டு மணிச் சோதனைக்கு ஆட்கள் வந்து நிற்பார்கள் என்று வேகமாகப் படியிறங்கினாள்.