கேட்டுக்கு வெளியே நின்றவர்

எங்கள் குடியிருப்பை பில்டரின் கையிலிருந்து வாங்கி நாங்களே நடத்துவதற்கு நான்கு வருஷம் அலைந்தோம். ஓய்வுபெற்ற செக்ஷன் ஆபீசர் என்ற ஒரே பாவத்துக்காக அசோசியேஷன் செக்ரட்டரி பதவியை என் தலையில் கட்டினார்கள். சாவிகள் கைக்கு வந்ததும் பொதுக்குழு ஏகமனதாக எடுத்த முதல் தீர்மானம், பில்டரின் ஆளான கேர்டேக்கர் இனி உள்ளே வரக்கூடாது என்பது. அதை மலையாளத்தில் எழுதி, சீல் வைத்து, கேட்டில் ஒட்டியவன் நான்தான். முப்பது வருஷம் ஆபீசில் எழுதிய கை, ஒரு ஓட்டை இல்லாமல் எழுதியிருந்தது.

மூன்றாம் நாள் தண்ணீர் நின்றது. மோட்டார் ஓடியது, மாடித் தொட்டி நிறையவில்லை. பம்பு அறையில் பதினோரு வால்வுகள். எதை எப்போது திறப்பது என்பது அந்தக் கேர்டேக்கரின் தலைக்குள் மட்டுமே இருந்தது. எங்கள் நான்கு வருஷக் கடிதங்களில் அதை ஒருவரும் கேட்கவில்லை. வந்த பிளம்பர் கண்டபடி திருகி, இருந்த தண்ணீரையும் சாக்கடைக்கு விட்டுப் போனான்.

என் மனைவி பக்கவாதத்தில் படுத்திருக்கிறாள். இரண்டு நாள் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அடுத்த நாள் முதுகு சிவந்திருந்தது. படுக்கைப்புண் வந்தால் தொலைந்தோம். வெட்கத்தை விட்டு, கேர்டேக்கர் வீட்டுக்கு விழிஞ்ஞம் பஸ் ஏறினேன்.

அவர் ஒன்றும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். கேட்டில் நோட்டீஸைப் படித்து, அடியிலிருந்த கையெழுத்தின் மேல் விரல் வைத்தார்.

"இது சாருக்க ஒப்புல்லா?"

கிழித்தெறிய ஒரு நொடி போதும். ஆனால் பொதுக்குழுத் தீர்மானத்தை செக்ரட்டரி தனியாக ரத்து செய்யலாமா என்று என் ஆபீஸ் புத்தி இடித்தது. தலைவருக்குப் போன் போட்டேன். ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்துக் கூட்டம் போடவேண்டும் என்றார். அந்த விதியையும் எழுதியவன் நான். சீ, என்ன பிழைப்பு இது.

என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "சாரு உள்ள போங்க. நான் போன்ல சொல்லித்தாறேன்" என்றார்.

வெயிலில் நின்றபடி ஒவ்வொரு வால்வாகச் சொன்னார். அரை மணி நேரத்தில் குழாய் அதிர்ந்து தண்ணீர் ஏறியது. நன்றி சொல்ல ஓடி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

மனைவியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வெந்நீர் ஊற்றினேன். கேர்டேக்கர் வந்துதானே சரியாக்கினான் என்று கேட்டாள். ஆமாம், உள்ளே வந்து சரிசெய்துவிட்டு அவசரமாகப் போய்விட்டான் என்றேன்.



"உள்ள வந்திருந்தாம்னா என்னப் பாக்காம போவானாக்கும்? லிஃப்ட் நின்ன அன்னைக்கு என்ன ஆஸ்பத்திரிக்கித் தூக்கிட்டு எறங்கினவன்லா அவன்."

அவள் முதுகுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.