தம்பியின் தொப்பியை எடுத்தவருக்கு

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்று வளர்த்தது மூன்று. பெறாமல் வளர்த்தது ஒன்று, என் தம்பி. திருமழிசையில் அவனைப் பெற்ற கையோடு அம்மா போய்விட்டாள். அவனுடைய வருட நினைவு மலரில் ‘அவர்’ என்று போட வேண்டுமாம். என் இடுப்பில் வளர்ந்தவன் எனக்கு ‘அவன்’தான்.

தொழிற்பேட்டையில் வெல்டிங் வேலை செய்தான். ஞாயிற்றுக்கிழமையானால் பூந்தமல்லி கொட்டகையில் இங்கிலீஷ் குதிரைப் படம். பாஷை தெரியாது. வந்து சாப்பிட்டுக்கொண்டே முழுக் கதையும் எனக்குச் சொல்வான். அதில் ஒரு கதையைத் தமிழில் எடுத்தபோது என்னையும் கூட்டிப்போனான். குதிரைக்காரனுக்குப் புதிதாக ஒரு அம்மாவைச் சேர்த்திருந்தார்கள். கெடுத்துவிட்டார்களே என்றேன்.

“கெடுக்கலக்கா. அங்க குதிரையக் கொன்னதுக்குப் பழி வாங்குறான். இங்க குதிரைக்கு எவன் அழுவான்? அம்மா வேணும்.” சொல்லிவிட்டு அவனே அழுதான்.

வயதான பிறகு செல்போனில், அதே கதைகளை வெள்ளைக்காரர்களே திரும்ப எடுத்த புதுப் படங்களையும் பார்த்தான். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவசரப்படுகிறார்கள் என்பான். “பழசுல முதுகுல சுட மாட்டான்கா. திரும்ப வச்சு, மூஞ்சியப் பார்த்துட்டுதான் சுடுவான்.”

அந்தப் படங்களில் வரும் அகலத் தொப்பியை, அவன் கூட்டாளியான தையற்கார பாய் தைத்துக் கொடுத்தார். அதில்லாமல் தம்பி ரேஷன் கடைக்கும் போனதில்லை. ஆஸ்பத்திரியில் சலைன் கம்பியில் அதுதான் தொங்கியது.

அவன் போன அன்று அவனுடைய மருமகன், சேக்காட்டு ஃபிளாட்டில் இருக்கும் கம்ப்யூட்டர்காரர், தெருமுனையில் பேனர் வைத்தார். தம்பி படத்தில் தொப்பியை எடுத்துவிட்டு, வழுக்கைத் தலைக்கு யாருடைய முடியையோ ஒட்டி, நெற்றியில் விபூதியும் பூசி வைத்திருந்தார். பாய் தெருவைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார்.

“இன்னாக்கா, பேனர்ல வேற யாரோ கீறாரு. நம்ம ஆளு எங்க?”

மருமகனைக் கேட்டேன்.

“ஆபீஸ்ல இருந்து வர்றாங்க பெரியம்மா. தொப்பியோட பார்த்தா கோமாளின்னு நினைப்பாங்க.”

பிணத்தை வைத்துக்கொண்டு நான் சண்டை போடவில்லை. ஒரு வருடம் காத்திருந்தேன்.

போன வாரம் அதே பேனர் கடைக்குப் போனேன். இந்த மலரின் அட்டையில் தம்பி தொப்பியோடு இருக்கிறான். கடைசிப் பக்கத்தில் மருமகன் படம். அவர் தலையிலும் அதே தொப்பி. எடுத்தவர் தலையில்தானே அது இருக்கும்? நினைவு நாள் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள், மாப்பிள்ளை. பக்கத்தைத் திருப்புங்கள். நான் எதிரில்தான் இருக்கிறேன், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்த பாய்க்கும், தூக்கிச் சுமந்த தெருப் பிள்ளைகளுக்கும் என் கும்பிடு. மாப்பிள்ளைக்கு நன்றி கிடையாது, தொப்பி போதும்.

எழுதினாயா கண்ணு? எங்கே, முதலிலிருந்து படித்துக் காட்டு. மாப்பிள்ளை வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி, நிதானமாகப் படி.