எங்கள் வாசலில் நான் திறந்த குழி

நான்கு வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை மாதம். படூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் மொத்தம் பதினெட்டு வீடுகள். அதற்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு செயலாளர். யாரும் முன்வராததால் அந்தப் பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள். கட்டிய பிறகு எனக்கும் அது கொஞ்சம் பிடித்துப் போய்விட்டது, மறைப்பானேன்?

அன்றைக்கு மூன்றாவது நாளாக விடாத மழை. காலை ஒன்பது மணிக்குத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வாசல் சரிவைத் தாண்டி, கார் நிறுத்தும் இடத்துக்குள் மெல்ல ஏறத் தொடங்கியது. மீட்டர் பெட்டிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கீழ்த்தள வீட்டில் பத்து நாள் குழந்தையோடு ஒரு பெண் வேறு இருந்தாள். முதல் காரியமாக மெயினை அணைக்கச் சொன்னேன். அதுவரைக்கும் என் புத்தி ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

அடுத்து ஒரு யோசனை வந்தது. கேட்டுக்கு நேர் எதிரே மழைநீர்க் கால்வாயின் மூடி இருக்கிறது. ரோட்டைவிட ஒரு சாண் உயரமாக, வட்டமான சிமெண்ட் மூடி. அதைத் திறந்துவிட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடுமே! எங்கள் வாட்ச்மேன் கருங்குழிப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். அவரைக் கடப்பாரை எடுத்துவரச் சொன்னேன். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே இறங்கினேன். இருவரும் நெம்பியதில் மூடி நகர்ந்தது. தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியதைப் பார்த்து, இரண்டாவது மாடிக்காரர் பால்கனியிலிருந்து கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏதாச்சும் நட்டு வைக்கலாமா மேடம்? யாராச்சும் வந்துகினு இருப்பாங்க" என்று கேட்டார் வாட்ச்மேன்.

"இந்த மழையில யாருண்ணே வரப்போறாங்க? சுழி தெரியுதுல்ல!" என்று சொல்லிவிட்டு, நனைந்த புடவையை மாற்ற மேலே போய்விட்டேன். பால்கனியிலிருந்து அந்தச் சுழியைப் போட்டோ எடுத்து, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வந்த பாராட்டுகளைப் படித்துக்கொண்டே டீ குடித்தேன்.

அரைமணி நேரத்தில் கால்வாயும் நிரம்பிவிட்டது. சுழி நின்றுவிட்டது. மேலே ஒரே மட்டமாகக் கலங்கல் தண்ணீர். குழி எங்கே, ரோடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. அது எனக்கு உறைக்கவே இல்லை.

பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தபோது தெரு முனையில் எங்கள் மீன்காரம்மா வந்துகொண்டிருந்தார். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பன்னிரண்டு வருடமாக எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர். மழைக்குத் தலையில் கவிழ்த்த பிளாஸ்டிக் சாக்கு, இடுப்பில் அகலமான அலுமினியக் குண்டான். கடலுக்கு யாரும் போகாத நாளில் இவர் எதற்கு வருகிறார் என்று யோசிக்கும்போதே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழி!

கத்தினேன். மழைச் சத்தத்தில் என் குரல் எங்கே கேட்கும்? இரண்டு கையையும் ஆட்டினேன். வா என்று கூப்பிடுகிறேன் என நினைத்து அவரும் சிரித்தபடி கையை ஆட்டினார். கேட்டுக்கு எதிரே வந்து, காலைத் தூக்கி நிதானமாக வைத்தார். அப்படியே மார்பு வரை உள்ளே போய்விட்டார்.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று இன்றும் எனக்கு நினைவில்லை. கீழே போய்ப் பார்த்தால், அந்தக் குண்டான் குழியின் வாயில் குறுக்கே சிக்கியிருக்கிறது. அதன்மேல் இரண்டு கைகளையும் போட்டுத் தொங்கிக்கொண்டிருக்கிறார். முகம் வெளுத்திருந்தது. நான் பாய்ந்து போனேன்.

"கிட்ட வராத! நீயும் வுழுவ!" என்று அதட்டினார். "கயிறு எட்தா! கேட்ட புட்சிக்கினு நில்லுங்க! கீழ தண்ணி கால இஸ்துகினு கீது!"

சாகக் கிடக்கிறவர் எங்களுக்கு வழி சொன்னார். வாட்ச்மேன் துணி காயப்போடும் நைலான் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்து ஒரு முனையைக் கேட்டில் கட்டினார். மறுமுனையை வீசியதும், ஒரு கையால் அக்குளுக்கடியில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டது அந்த அம்மாதான். பிறகு நானும் வாட்ச்மேனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். ஒரு செருப்பையும் முழங்காலுக்குக் கீழே நீளமாய்த் தோலையும் அந்தக் குழிக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கைதட்டிய அதே இரண்டாவது மாடிக்காரர் வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டார். "அறிவிருக்காய்யா? திறந்து போட்டுட்டு ஒரு அடையாளம் வைக்க மாட்டியா?" வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிடம் இருக்குமா? இருக்கும். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. அந்த மனிதர் என் தப்பைச் சுமந்துகொண்டு நிற்கிறார், நானோ இது இப்படியே முடிந்துவிடாதா என்று பார்க்கிறேன்.

"அவரு வைக்கணும்னுதான் சொன்னாரு. வேண்டாம்னு சொன்னது நான்" என்றேன் கடைசியில். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

மீன்காரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னாம்மா நீ! கடல்ல வல வுட்டாலே மேல கொடி கட்டி வுடுவோம், அடுத்த போட்டுக்காரன் வந்து மாட்டிக்கக் கூடாதுன்னு. நீ வூட்டு வாசல்ல இம்மாம் பெரிய குழிய வுட்டுகிற, ஒரு குச்சி நட முடியல? அந்த மூடி மேலதாம்மா நான் தெனம் குந்திகினு மீன் அறுக்கறேன். ரோடெல்லாம் பள்ளம், அது ஒண்ணுதான் மேடுன்னு நம்பிக் கால வச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக தினமும் காலையில் இதே பால்கனியில் நின்று, அந்த மூடியின்மேல் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறவள் நான். இவர் கால் தேடி வரக்கூடிய ஒரே இடத்தையல்லவா திறந்து போட்டிருக்கிறேன்!

அன்றைக்கு எதற்காக வந்தார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கீழ்வீட்டுப் பெண்ணுக்குப் பால் ஊற வேண்டுமென்று பால் சுறா கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாராம். மழைக்கு முன்னால் வந்ததை ஐஸில் போட்டு வைத்திருந்து, பச்சைப்பிள்ளைக்காரி காத்திருப்பாளே என்று அந்தத் தண்ணீரில் நடந்து வந்திருக்கிறார். குண்டானுக்குள் பொட்டலம் அப்படியே இருந்தது. சுறாப் புட்டு எப்படிச் செய்ய வேண்டும் என்று காலில் ரத்தம் வழிய வழியச் சொல்லிக்கொடுத்தார். பிறகு என் சிவப்புத் துண்டைக் கேட்டு வாங்கி, வாட்ச்மேன் கொண்டுவந்த மூங்கிலில் தன் கையாலேயே கட்டிக் கொடுத்தார்.

மூங்கில் நட்டாலும் எனக்கு மனம் ஆறவில்லை. தண்ணீர் வடிந்து மூடியைத் திரும்பப் போடும்வரை குடையோடு அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே நின்றேன். வாட்ச்மேனும் கூடவே நின்றார். "மன்னிச்சுக்கங்கண்ணே" என்றேன். "காலு கழுவிக்கோங்க மேடம், சேறு" என்றார்.

ஊசி போட, கட்டு மாற்ற என்று பதினைந்து நாட்கள் மீன்காரம்மாவை நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவர் பழையபடி தெருவுக்கு வரத் தொடங்கினார். என்னிடம் எந்தக் கோபமும் கிடையாது. வஞ்சிரத்தில் நல்ல துண்டாகப் பார்த்து எனக்கு எடுத்து வைக்கிறார், என் செயலாளர் பதவியைக் கிண்டல் செய்கிறார். ஆனால் மீன் அறுப்பதை மட்டும் கேட்டுக்கு உள்ளே மாற்றிக்கொண்டுவிட்டார். சித்திரை வெயிலில் தெரு காய்ந்து கிடக்கும்போதும் அந்த மூடியைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறார். தெரிந்து செய்கிறாரா தெரியாமல் செய்கிறாரா என்று நான் கேட்டதில்லை. அவர் என்னை அன்றே மன்னித்துவிட்டார், அவர் கால் இன்னும் என்னை நம்பவில்லை. ஒவ்வொரு காலையும் அதைப் பார்க்கும்போது, நம்பி வருகிற ஒருவரின் காலடியை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் நான் மறந்துபோனது எனக்குச் சுருக்கென்று தைக்கிறது.