ஜூன் மாதத்துச் சிறுமி

காலை ஏழரை மணிக்கு, ‘பட்டாசல்’ என்று நாங்கள் சொல்லும் நடுக்கூடத்தின் தரையில், மூலைகளில் டம்ளர் வைத்து அழுத்தியிருந்த ஜப்பான் காலண்டரை முதன்முதலில் பார்த்தேன். கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்தது; மாதத்துக்கு ஓர் ஓவியம். எங்கள் சுவரில் இருந்த சாமிகள் எல்லோரும் நம்மை நேராகப் பார்ப்பார்கள். இந்தப் படங்களில் இருந்தவர்கள் ஒருவரும் எங்களைக் கவனிக்கவில்லை. ஜூன் தாளில் ஒரு சிறுமி சிவப்புக் குடையுடன் தலையைச் சாய்த்து, மெல்லிய கறுப்புக் கோடுகளாக விழும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுபதுகளின் கடைசி அது. குற்றாலத்துச் சாரல் தென்காசித் தெருவரை வந்து துணிகளைக் காயவிடாத ஆடி மாதம். எனக்கு ஆறு வயது. நான்கு வயதுத் தங்கை கோமு வைகாசியில் காய்ச்சலில் இறந்திருந்தாள். அவளுக்குப் புகைப்படம் கிடையாது. “பிள்ளையள போட்டோ புடிச்சா ஆயுசு கொறஞ்சிரும்” என்று அத்தை சொன்னதால், அருவிக்கரைப் போட்டோக்காரரை அப்பா ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தார்.

அம்மா ஜூன் தாளை மட்டும் கிழித்து எடுத்து, என்னையும் கூட்டிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனாள். அங்கே சாமி படத்துக்குத் தங்க நிறச் சட்டம், செத்தவர்களுக்குக் கறுப்பு. கடைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எந்தச் சாமிம்மா?”

“சாமி இல்ல அண்ணாச்சி, எம் மவ. கறுப்பே போடுங்க.”

அவர் கறுப்புச் சட்டம் ஒன்றை எடுத்து அளக்கத் தொடங்கினார்.

அத்தை வந்தவள் படத்தைப் பார்த்துவிட்டு, “ஏட்டி, சப்பான்காரிக்கா மாலை போடுதே? மூக்கப் பாரு, ஆமவட கணக்கா. நம்ம கோமுக்கு எடுப்பான மூக்குல்லா!” என்றாள்.

அம்மா பூவைச் சரிசெய்தபடி, “மூக்கப் பாக்காதீங்க மயினி. மழை வந்தா வாசல்ல தலையச் சாய்ச்சிட்டு நிப்பாளே, அதப் பாருங்க” என்றாள்.

அத்தை பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ஈரச் சுவரில் தொங்கிய படத்தில் வருடா வருடம் பூஞ்சை ஏறியது. முதலில் மழைக் கோடுகள், பிறகு குடை. இப்போது அம்மா இல்லை, வீடும் எங்களுடையது இல்லை. கோமு எப்படி இருப்பாள் என்று என் மகள் கேட்டால், எனக்கு நினைவில் வருவது அந்தத் தட்டை மூக்குதான். கோமுவின் முகம் தெரிந்தவர்களில் அத்தைதான் மிஞ்சியிருந்தாள். போன மார்கழியில் அவளும் இறந்துவிட்டாள்.