யாரோடு ஒப்பிட்டு முதலிடம்?

இன்று களக்காடு பேருந்தில் என் பழைய கல்லூரித் துறைத்தலைவரைப் பார்த்தேன். "மத்தவங்களோட ஒப்பிட்டா நீரு தேறமாட்டீரு வே" என்று சொல்லி என்னை வேலையைவிட்டு அனுப்பியவர்.

கோடை வந்தால் தனியார் கல்லூரிகள் பேராசிரியர்களையே பிள்ளை பிடிக்க, அதாவது மாணவர் சேர்க்க, அனுப்பும். அவரும் என் முன் இருக்கையில் ஓர் அண்ணாச்சிக்கு நோட்டீஸ் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"நம்மள மாதிரி மூணு காலேஜோட ஒப்பிட்டுப் பாத்தாச்சு அண்ணாச்சி. வேலை வாங்கிக் குடுக்கதுல நாமதான் முதல்."

நோட்டீஸை எட்டிப் பார்த்தேன்; மூன்றின் பெயரும் இருந்தது. அந்த மூன்று கல்லூரிகளின் இணையதளத்தையும் போனில் திறந்து அண்ணாச்சியிடம் நீட்டினேன்.

"இந்த மூணும் இப்பதான் ஆரம்பிச்ச காலேஜ், அண்ணாச்சி. ஒரு பிள்ளகூட இன்னும் படிச்சு முடிக்கல. பிறகு எப்படி வேலை கிடைக்கும்?"

அண்ணாச்சி அவர் பக்கம் திரும்பினார். "என்ன சார், பொறக்காத பிள்ளையோட ஓட்டப்பந்தயம் வச்சுல்லா ஜெயிச்சிருக்கீரு!"

பேருந்தே சிரித்தது. களக்காட்டுக்குச் சீட்டு எடுத்திருந்த துறைத்தலைவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

தெரிந்தவர்கள் யாராவது இதை அவருக்கு அனுப்பிவையுங்கள். இன்று அந்தப் பேருந்தில் பிள்ளை பிடிக்க வந்த பேராசிரியர்களை ஒப்பிட்டால் அவருக்குத்தான் முதலிடம். வந்ததே அவர் ஒருவர்தான்.