கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

கொட்டகலை பஜாரில் ஒரு சலூனுக்கு மேல்மாடியில் எங்கள் பார்சல் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் சிரிப்பார்கள். ஒரு அறை, ஒரு மேசை, ஒரு தராசு, வாடகைக்குப் பிடித்த வேன். ஆனாலும் முறையாகப் பதிவு செய்த கம்பெனி. பத்திரத்தில் மகளின் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். கையெழுத்து மட்டும் ஒழுங்காகப் போடுவேன்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்கு நின்ற காலம் அது. தாய்மார் மிளகாய்த்தூள், ஊறுகாய், முறுக்கு என்று எதையாவது கொடுத்தனுப்புவார்கள். பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, போய்ச் சேர்ந்தால் சரி என்று சாமியைக் கும்பிட்டுக்கொள்வார்கள். நாங்கள் அதை வேனில் கொண்டுபோய்ப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தோம். இதற்காக மகள் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நிரந்தர வேலையை விட்டுவிட்டாள். கம்பெனி படுத்துவிட்டால் அந்த வேலை அவளுக்குத் திரும்பக் கிடைக்காது.

பார்சல் கூடக் கூட, எது யாருடையது, எங்கே போக வேண்டும் என்று அவளுக்குத் தலை சுற்றியது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த யாழ்ப்பாணத்து டீச்சருக்குக் கம்ப்யூட்டர் தெரியும். அவர்தான் லீவு நாட்களில் வந்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் எங்களுக்கென்று ஒரு புரோகிராம் செய்து தந்தார். டேட்டாபேஸ் என்கிற அந்தச் சாமானில் கட்டமும் பட்டனும் தயாராகவே இருக்குமாம். எடுத்துப் பொருத்த வேண்டியதுதான். இன்றைக்குச் சொன்னது நாளைக்கே ஓடும். அனுப்புகிறவருக்கு ஒரு பெட்டி, பார்சலுக்கு ஒரு பெட்டி. இரண்டுக்கும் நடுவே கோடு இழுத்து, "இதுதான் உறவு" என்றார்.

"பொருத்தம் பாத்தீங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"பார்த்தனான் அம்மா. ஒராளுக்கு எத்தினை பார்சலும் இருக்கலாம். ஒரு பார்சலுக்கு ஒராள்தான்."

"அப்ப நல்ல குடும்பந்தான்."

ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் பல பெண்கள் இருப்பார்கள். அவர்களைப் பிரித்தறிய டீச்சர் இன்னொரு கட்டம் வைத்தார். கணவர் பெயர். அதை நிரப்பாவிட்டால் கம்ப்யூட்டர் 'டொங்' என்று சத்தம் போட்டு அங்கேயே நின்றுவிடும். சோதித்துப் பார்க்க முதலில் என்னைத்தான் பதிந்தார்கள். மகள் தன் அப்பா பெயரைத் தானே தட்டிவிட்டாள். அதனால் அதில் இருந்த சிக்கல் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

முதல் நாள் முதலில் வந்தவள் எங்கள் பழைய லயத்துக்காரி, தோட்டத்து வரிசை வீடுகளில் எங்களோடு குடியிருந்தவள்.

"புருஷன் பேரு சொல்லுங்கக்கா" என்றாள் மகள்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடியாத்தி, அத எப்புடி என் வாயால சொல்றது? ஒங்கம்மாகிட்ட கேளு, சொல்றாவான்னு பாப்போம்."

நானும் ஒருநாளும் சொன்னவள் அல்ல.

கம்ப்யூட்டர் 'டொங்' என்றது. அவள் அதைப் பயத்தோடு பார்த்துவிட்டு, "மலை மேல நிக்கிறாரே, வேல வச்சிக்கிட்டு, அந்தச் சாமி பேருதான்" என்றாள். மகள் தட்டினாள். கம்ப்யூட்டர் வழிவிட்டது.

அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படியேதான். "காலையில கெழக்கால வரும்ல, அது." "எங்க தோட்டத்துக் கணக்கப்புள்ளைக்கும் இதே பேருதான், நீயே கேட்டுக்க." வரிசை மாடிப்படி வரைக்கும் நின்றது. விடுகதை போடுகிற மாதிரி எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அந்த மலைச்சாமிக்கோ எத்தனையோ பெயர். லயத்துக்காரி வந்த நாலு தடவையும் மகள் ஒவ்வொரு பெயரைத் தட்டியிருக்கிறாள். கம்ப்யூட்டருக்கு அவை நாலும் நாலு பெண்கள். அவளுடைய மகன் கடை மாறிய பிறகு, புது விலாசத்தை அந்த நாலு பேரில் ஒருத்தியின் கீழே பதிந்தோம். அடுத்த பார்சல் இன்னொருத்தியின் பேரில் பழைய கடைக்கே போய்விட்டது. வேன் அதைத் திருப்பிக் கொண்டுவந்தபோது ஊறுகாய்ப் போத்தல் உடைந்து எண்ணெய் வடிந்திருந்தது.

பார்சலைக் கையில் வாங்கியவள் எல்லார் முன்னாலும் அதை மேசையில் வைத்தாள்.

"ஒரு புருஷன வச்சே என்னால மாரடிக்க முடியல. நீங்க நாலு பேரக் கட்டி வச்சிருக்கீங்க!"

"நாலு பேரும் சம்பளத்த ஒழுங்கா வீட்டுக்குக் குடுக்குறாங்களாக்கா?" என்று வரிசையில் ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். லயத்துக்காரி சிரிக்கவில்லை.

"கண்டக்டரே தேவல. அவன் என் புருஷன் பேரக் கேக்கல."

பார்சலைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் இறங்கினார்கள். அதற்கடுத்த வேனில் பாதி இடம் காலி. மகள் ஒரு துணியை எடுத்தாள். மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

விஷயத்தைக் கேட்ட டீச்சர் தலையில் கை வைத்தார். "அந்தக் கட்டத்தை எடுக்கிறது லேசு அம்மா. ஆனா ஆளை ஆள் என்னெண்டு பிரிக்கிறது?"

நான் யோசிக்கவே இல்லை. "மூத்த புள்ள பேரப் போடுங்க டீச்சர். லயத்துல எங்கள எல்லாம் இன்னாரோட அம்மான்னுதானே கூப்புடுறாங்க. பார்சல் போறதும் புள்ளைக்குத்தானே."

ஊற்றி வைத்த தேத்தண்ணீர் ஆறுவதற்குள் டீச்சர் மாற்றிவிட்டார். மகள் லயத்துக்காரியின் வீட்டுக்கே போய்ச் சமாதானம் சொல்லி அழைத்து வந்தாள்.

"என் புருஷன்மாரத் தீத்துவிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே படியேறினாள்.

"தீத்தாச்சுக்கா. ஒங்க மகன் மட்டுந்தான் மிச்சம்."

அன்று பெண்கள் பிள்ளைகளின் பெயரைச் சந்தையில் கூவுவது போலச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்திருந்த டீச்சரிடம், "யாரோட யோசன?" என்றுகூடக் கேட்டேன்.

அப்போது டிக்கோயாப் பக்கத்துத் தோட்டக்காரி ஒருத்தி மேசைக்கு வந்தாள். நானும் அவளும் ஒரு காலத்தில் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். அண்ணன் மகனுக்குப் பார்சல் கொண்டுவந்திருந்தாள்.

"மூத்த புள்ள பேரு?" என்றாள் மகள்.

அவள் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "இல்லன்னு போடு பாப்பா."

மகளின் விரல் பட்டனுக்குப் போனது. நான் எழுந்து அவள் கைமேல் என் கையை வைத்தேன்.

"அத அடிக்காத."

அடித்தால் அது பில்லில் வரும். பார்சலில் ஒட்டுகிற துண்டில் வரும். அவள் அனுப்புகிற காலமெல்லாம், அவள் பெயருக்குப் பக்கத்தில் 'இல்லை' என்று அச்சடித்துக் கொடுத்துக்கொண்டே இருப்போம். புருஷன் பெயரைக் கேட்டபோதாவது எல்லாரோடும் சேர்ந்து சிரிக்க முடிந்தது. இப்போது வரிசையில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை என்று எனக்கு எப்போதோ தெரியும். அந்தக் கட்டத்தைச் சொன்ன நேரத்தில் மட்டும் அவள் என் நினைவில் இல்லை.

டீச்சர் மகளை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு அஞ்சு நிமிஷம் பொறுங்கோ எல்லாரும்."

கீழே பஸ் ஹோர்ன் அடித்தது. யாராவது இறங்கிப் போவார்களோ என்று மகள் வாசலைப் பார்த்தாள்.

"போனா போகட்டும். அடுத்த பஸ்ஸு வராமலா போயிரும்?" என்றாள் லயத்துக்காரி. ஒருவரும் இறங்கவில்லை.

டீச்சர் எழுந்ததும் மகள் கட்டத்தின் புதுத் தலைப்பை ஒருதரம் தனக்குள் வாசித்துவிட்டு, நிமிர்ந்து கேட்டாள்.

"ஒங்கள எப்புடிக் கூப்புடணும்க்கா?"

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் அவளுக்கு ஒரு பெயர், சம்பளத்துண்டில் ஒரு பெயர், எல்லாம் மற்றவர்கள் வைத்தது. அவளிடம் இதைக் கேட்டவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். என்னிடமும் யாரும் கேட்டதில்லை. அவள் மேசைமேல் குனிந்து மகளின் காதில் எதையோ சொன்னாள். மகள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். கம்ப்யூட்டர் சத்தம் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போனது.

பில் வந்ததும், "எங்க இருக்கு?" என்று கேட்டாள். மகள் விரல் வைத்துக் காட்டினாள். அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு பில்லை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"பொட்டியக் கவுத்துப் போட்டுறாதீங்க. உள்ள நெய்யி இருக்கு."