குழுவுக்கு வராத கடிதங்கள்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தினமும் பாசஞ்சர் ரயிலில் போய்வந்த நாட்களில், என் மடியில் எப்போதும் அச்சடித்த கணினி நிரல் தாள்கள் இருக்கும். எதிர் சீட்டுக்காரர் ஒருமுறை, "இன்னா சார், பரீட்சை பேப்பரு திருத்திக்கினு வர்றீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கப் போனால் அதற்குள் விழுப்புரம் வந்துவிடும்.

விஷயம் இதுதான். ஓர் அறையில் இருக்கும் பல கணினிகள், வேறொரு கணினியில் உள்ள கோப்புகளைத் தங்களுடையவை போலவே திறந்து பயன்படுத்த உதவும் ஒரு பழைய நிரல், கணினியை இயக்கும் ஒரு பெரிய மென்பொருள் தொகுப்பின் சிறு பகுதி. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். எழுதியவர்கள் எப்போதோ கைகழுவிவிட்டார்கள். திருத்த வேறு யாரும் வராததால் நான் போய் மாட்டிக்கொண்டேன். விழுப்புரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு உத்தியோகம். இது சம்பளமில்லாத இன்னொன்று. ஓர் இடத்தில் அடைத்தால் இரண்டு இடத்தில் இளிக்கும். ஏழெட்டு வருடம் அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிடித்துத்தான் செய்தேன், அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பழுது, கேள்வி, நன்றி எதுவானாலும் எல்லாரும் படிக்கும் மின்னஞ்சல் குழுவில்தான் எழுத வேண்டும். நான் தமிழ் மீடியத்தில் படித்தவன். ஒருமுறை என் ஆங்கிலத்தை ஒருவன் அங்கே ஊர் பார்க்கத் திருத்திக் காட்டினான். நிரலில் ஒரு வரியைத் திருத்த அவனுக்குத் துப்பில்லை. அதன்பின் உதவி கேட்டவர்களிடமெல்லாம், "குழுவுக்கு வேண்டாம், எனக்கே எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டேன். எழுதினார்கள். தனித்தனியாகப் பதில் போட்டேன். குழுவுக்கு என் திருத்தங்கள் மட்டும் ஒற்றை வரிக் குறிப்போடு போகும்.

அப்படி எழுதியவர்களில் ஒருவர், பிரம்மதேசம் பக்கம் ஒரு மிஷன் பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சர். அங்கிருந்த பதினொரு கணினிகளும் யாரோ கழித்துக் கொடுத்தவை. ஒன்றிலும் ஹார்ட் டிஸ்க் இல்லை. மூலையில் தனியாக இருந்த, ஹார்ட் டிஸ்க் உள்ள ஒரே கணினியை நம்பி, இந்த நிரல் வழியாகத்தான் அத்தனையும் ஓடின.

ஒரு நாள் தொகுப்பைப் பராமரிப்பவர்களிடமிருந்து குழுவில் ஒரு கடிதம் வந்தது. இந்தப் பழைய பகுதியை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, பல வருடமாக ஒரு புகார்கூட இல்லை, இரண்டு வாரத்தில் நீக்கிவிடலாமா என்று. முதல்முறையாக அங்கே நீளமாக எழுதினேன்: பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பதில் மரியாதையாகவே வந்தது: எங்கே, ஒருவரையாவது இங்கே எழுதச் சொல்லுங்கள்.

என்னிடம் எழுதியவர்களுக்கெல்லாம் எழுதினேன். பாதி முகவரிகள் செத்துப்போயிருந்தன. மற்றவர்கள் வேறு நிரலுக்கு மாறியிருந்தார்கள். டீச்சருக்கு மட்டும் எழுதவில்லை. அவர் ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். அந்தக் கூட்டத்தின் முன்னால் அவரை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வாரம் முடிந்ததும் நீக்கிவிட்டார்கள்.

அடுத்த வருடம் பள்ளியின் மூலைக் கணினி படுத்துவிட்டது. புதிதாக வாங்கியதில் தொகுப்பின் பழைய பதிப்பு ஏறவில்லை. புதிய பதிப்பில் என் பகுதி இல்லை. நானே போய் மூன்று சனிக்கிழமை முட்டிப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் டீச்சரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார். நீங்கதானே அங்க எழுதாதீங்கன்னீங்க? தப்பும் தவறுமா இருந்தா இருந்துட்டுப் போவுது. பதினோரு மிஷினு ஓடிக்கினு இருக்குதுன்னு எழுத எனக்குத் தெரியாதா?"

தெரியும். அந்த ஒரு வரி போதுமாக இருந்திருக்கும். கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையில் நின்ற பிள்ளைகளை, டீச்சர் வகுப்புக்கே திரும்பிப் போகச் சொன்னார்.